கொடைக்கானல் ஏறும் பிக்கப்புக்கு விண்டர் டயர் தேவையா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பொலிரோ பிக்கப் ஓட்டுகிறேன். மன்னவனூர், பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் ஏற்றி வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கும் மதுரை பரவை மார்க்கெட்டுக்கும் இறக்குவதுதான் தொழில். நாலு டயரும் தேய்ந்துவிட்டன, ஐப்பசி மழைக்குள் மாற்ற வேண்டும். கனடாவில் பெரிய பிக்கப் வைத்திருக்கும் மச்சான், "மலைக்குப் போறவன் விண்டர் டயர் இல்லாம போகக்கூடாது மாப்ள" என்கிறார். மதுரையில் ஒரு கடையில் அதை வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் பெரிய பட்டன் போட்ட எஸ்யூவி டயரை அதைவிட மலிவாகக் காட்டினார்கள். இப்போது இருப்பது 215/75 ஆர் 15 எல்டி, 8 பிஆர். எதைப் போடட்டும்?

பதில்: இரண்டுமே வேண்டாம். மச்சான் சொன்னது அவர் ஊருக்குச் சரி. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இல்லாமல் வண்டி எடுப்பதே சட்டப்படி குற்றம். சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும், ரோட்டைப் பிடிக்காது. அந்தக் குளிரிலும் இளகி நிற்கும்படி கலவை மாற்றிச் செய்ததுதான் விண்டர் டயர். ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளான பட்டன் முழுக்கக் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனிக்கட்டியைக் கவ்வுவது அந்த வெட்டுகளின் வேலை. மூன்று சிகரத்துக்கு நடுவே பனித்துகள் படம் பக்கவாட்டில் இருந்தால், பனியில் சோதித்துப் பார்த்த டயர் என்று அர்த்தம்.

கொடைக்கானலில் மார்கழி விடியலில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படர்வது உண்மைதான். ஆனால் பகலில் 15, 17 டிகிரி இருக்கும். நீங்கள் சரக்கேற்றிக் கிளம்பும் நேரத்துக்கு அந்த 7 டிகிரிக் கணக்கு முடிந்துபோயிருக்கும். அதே டயர்தான் மத்தியானம் வத்தலக்குண்டைத் தாண்டி, கால் வைக்க முடியாத தார் ரோட்டில் ஒரு டன்னுக்கு மேல் சுமந்து ஓட வேண்டும். இளகிய ரப்பர் அந்தச் சூட்டில் சோப்பு மாதிரி கரையும். பிரேக் போட்டால் நிற்கும் தூரமும் கூடும். அதிக விலை கொடுத்து வாங்கி ஒரு கோடையில் தீர்த்துவிடுவீர்கள்.

உங்கள் மச்சானின் வண்டி டயரில் நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. அங்கே ஹெவி டியூட்டி பிக்கப்புக்கு விண்டர் டயர் வாங்கினாலும், வண்டிக்கு வேண்டிய சுமைத் தரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் லோடு ரேஞ்ச் 'இ', அதாவது 10 பிளை. பனியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நீங்களும் அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், பனி இருக்கும் இடத்தில் மழையை வைத்துக்கொண்டு.

இனி அந்த மலிவு எஸ்யூவி டயர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அளவு அதே 215/75 ஆர் 15, சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கில் கச்சிதமாக உட்காரும், பார்வைக்கும் முரட்டுத்தனமாக இருக்கும். அளவை அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். எஸ்யூவிக்கான டயரில் பெரும்பாலும் 100 என்று இருக்கும். ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். எல்டி, அதாவது லைட் டிரக் வகை 8 பிளை (8 பிஆர்) டயரில் 106/103 என்று இருக்கும். ஒற்றையாகப் போட்டால் 950 கிலோ, இரட்டைச் சக்கரமாகப் போட்டால் ஒவ்வொன்றும் 875 கிலோ. உங்களுக்கு முதல் எண் மட்டும் போதும். பின் ஆக்ஸிலில் இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ வித்தியாசம். பூண்டு மூட்டையை அடுக்கும்போது அந்த 300 கிலோவை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது வெளிப்பக்கப் பின் டயர் தன் பங்குக்கு மேலேயே சுமக்கும். பழைய டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். டயர் மாற்றிய வண்டியாக இருந்தால், கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 8 பிளை என்பது பலத்துக்கான தரம்தான். உள்ளே எட்டு அடுக்கு எண்ணிக் காட்டச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

உள் நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் நைலானா, நேராக ஓடும் ரேடியலா என்றால், உங்கள் ஓட்டத்துக்கு ரேடியல்தான். குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற வண்டிக்கு நைலான் பொருந்தும், பக்கவாட்டில் கல் குத்தினாலும் தாங்கும். ஈரத் தாரில் பிடிமானத்துக்கும், சமவெளியில் சூடேறாமல் ஓடுவதற்கும் ரேடியல் மேல். விலை குறைகிறதே என்று ஒரே ஆக்ஸிலில் ஒன்று ரேடியல், ஒன்று நைலான் என்று கலந்து மாட்டவே கூடாது.

பட்டன் விஷயத்துக்கு வருவோம். மழையில் டயருக்கு முதல் வேலை, ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. முன் டயருக்குச் சுற்றிலும் ஓடும் மூன்று நான்கு நேர்க்கோட்டுப் பள்ளங்கள் உள்ள ரிப் வகை நல்லது, ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்பும். பின்னால் பெரிய கட்டை கட்டையாக இருக்கும் முழு லக் போடுவது இங்கே பழக்கம். சேற்றில் இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரிய கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால் ஈரத் தாரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. நடுவில் கோடும் ஓரத்தில் கட்டையும் கலந்த செமி லக் உங்களுக்குப் போதும். மன்னவனூரில் தோட்டத்துக்குள்ளேயே வண்டியை இறக்கி ஏற்றுகிற ஆளாக இருந்தால் மட்டும் லக் பற்றி யோசியுங்கள். மூட்டையை ரோட்டு வரை கொண்டுவரச் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது.

பிக்கப்பில் பலரும் பயப்படுவது லோடோடு இறங்குவதற்கு. அதில் நியாயம் உண்டு. ஆனால் மழையில் என்னைக் கேட்டால், காலி வண்டியாக ஏறுவதையும் அதே அளவு கவனிக்கச் சொல்வேன். பின் ஸ்பிரிங் பட்டை ஒரு டன்னுக்கு மேல் சுமக்கச் செய்தது. பாரம் இல்லாதபோது விறைத்து நிற்கும், பள்ளத்தில் பின்புறம் துள்ளும். இழுப்பதோ பின் சக்கரம். டம் டம் பாறை தாண்டி மூடுபனியும், ரோட்டில் ஒட்டிய இலையும், மலைச் சரிவில் வழிந்த செம்மண்ணும் சேரும் வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினாலும் பின்பக்கம் விலகிப் போகும். அதனால் இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் பணம் என்றால், புதியதைப் பின்னால் போடுங்கள். புதுசு முன்னால்தான் என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். முன் டயரில் டெப்த் கேஜ் வைத்துப் பார்த்து 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பட்டன் இருந்தால் நான் சொன்னபடி செய்யலாம். குறைந்தால் நாலையும் மாற்றுங்கள். பள்ளத்துக்குள் சிறு மேடாக இருக்கும் தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதுவரை ஓட்டலாம் என்பது சட்டத்தின் கடைசி எல்லை, மழைக்கால மலைக்கு அது காணாது. ஏறும்போது மளிகையோ உரமோ வாடகைக்குக் கிடைத்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இரண்டு மூன்று மணல் மூட்டையை நகராமல் கட்டுங்கள்.

ரீபட்டன் டயரை முன்னால் போடவே வேண்டாம். இறக்கத்தில் பிரேக் சூடாகி, அந்தச் சூடு சக்கரத்தின் வழியாக டயருக்கும் ஏறும். பழைய உடம்பில் ஒட்டிய பட்டனுக்கு அது நல்லதல்ல. பின்னால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலைக்கு ஏறும் வண்டிக்கு நான் அதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காற்றைக் கொஞ்சம் இறக்கினால் மலையில் பிடிக்கும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. மணலில் சிக்கிய ஜீப்புக்கு அது சரி. லோடு வண்டிக்கு அது ஆபத்து. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். மலையில் தாங்கிவிட்டு, கீழே வந்து நாலுவழிச் சாலையில் வேகம் எடுக்கும்போது வெடிக்கும். லோடுக்கு எவ்வளவு என்பது வண்டி ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளந்து பிடியுங்கள். மதுரையில் 35 டிகிரியில் 60 பிஎஸ்ஐ பிடித்த டயர், மன்னவனூரில் 10 டிகிரி விடியலில் 57 வாக்கில் காட்டும். குளிரால் ஆறு குறையும், உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மூன்று திரும்பக் கூடும். அதைப் பார்த்துப் பதறி மேலே காற்று ஏற்றவும் வேண்டாம், இறங்கி வந்தபின் சூட்டில் கூடியிருக்கிறதே என்று இறக்கவும் வேண்டாம்.

வாங்கும்போது பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2225 என்றால் 2025ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்ததை, தள்ளுபடி எவ்வளவு என்றாலும் விட்டுவிடுங்கள். ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள். வண்டி வாங்கியபோது வந்ததே அடியில் தொங்கிக்கொண்டிருந்தால், பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும்.

வடுகபட்டிக்குக் குறுக்கே என்று அடுக்கம் வழியாக இறங்குகிறவராக இருந்தால், மழை மாதங்களில் அதை விட்டுவிட்டுக் காமக்காபட்டி ரோட்டிலேயே வாருங்கள். மண் சரிகிற ரோட்டில் எந்த டயரும் உதவாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

புது டயர் மாட்டியதும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரைச் சமவெளியிலேயே ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கும்போது மேலே ஒட்டும் வழவழப்பு அதற்குள் தேய்ந்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிவிடுங்கள், ஸ்டெப்னி நட்டையும் சேர்த்து.