நேஜிக்குக் கொடுத்த வாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீண்ட தொடர்கதைகளின் முடிவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ஊர் ஒதுக்கிய ஒரு நிஞ்ஜா சிறுவனைப் பற்றிய ஜப்பானியப் படக்கதையான ‘நருட்டோ’ மாங்கா தான் எழுப்பிய கேள்வியைத் தானே மறந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோயிருந்தீர்கள். பள்ளி நாட்களில் அந்தக் கதையோடு வளர்ந்தவன் என்பதால் அந்த வரி என்னை உறுத்தியது. என் கணிப்பில் அதற்குள்ள குறை ஒன்றுதான்: பாத்திரங்களின் சக்தி வரம்பில்லாமல் ஏறிக்கொண்டே போய், ஒரு கத்தியும் ஒரு தந்திரமும் போதுமாயிருந்த சண்டைகள் கடைசியில் மலைகளைப் பெயர்க்கும் சண்டைகளாகிவிட்டன. அதைத் தவிர்த்துப் பார்த்தால், சிறுவர்களுக்காக வாராவாரம் வரையப்பட்ட ஒரு படக்கதையை இலக்கியத்தின் தராசில் நிறுப்பது நியாயமா? பன்னிரண்டு வயதாகும் என் மகள் இப்போது அதைக் கேட்கிறாள். கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

காரணம் சொல்லாமல் ஒரு வரியில் தீர்ப்பெழுதியது என் பிழைதான். மசாஷி கிஷிமோட்டோ தன் 24ஆம் வயதில், 1999 செப்டம்பரில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கி, 2014 நவம்பரில் 700 அத்தியாயங்களோடு முடித்த ஒரு கதையை அப்படித் தள்ளிவிட முடியாது. அதன் 72 தொகுதிகளையும் நான் இருமுறை படித்திருக்கிறேன். இரண்டாம் முறை படித்தது குறை காண்பதற்காக அல்ல, முதல் முறை நெஞ்சில் தைத்த இடங்கள் மீண்டும் தைக்கின்றனவா என்று பார்ப்பதற்காக. பெரும்பாலானவை தைத்தன. அதனால்தான் மற்ற இடங்களின் மேல் எனக்குக் கோபம்.

சக்தி ஏறிக்கொண்டே போனதுதான் குறை என்ற உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. நீங்களும் மறந்திருக்க முடியாத ராக் லீ–காரா சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திர வித்தை எதுவும் வராத, உடற்பயிற்சி ஒன்றையே நம்பிய சிறுவன் தன் கால்களில் கட்டியிருந்த பளுக்களைக் கழற்றிப் போடுகிறான்; அவை விழுந்த இடத்தில் தரை பிளக்கிறது. பிறகு உடலின் உள்வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஐந்தாவது வரை போகிறான். அதுவும் சக்தி ஏறுவதுதான், சில பக்கங்களுக்குள் நம்ப முடியாத வேகத்தில் ஏறுவதுதான். ஆனால் ஒவ்வொரு வாயிலும் திறக்கும்போது அவன் தசைகள் கிழிகின்றன; முடிவில் காராவின் மணல் அவனுடைய ஒரு கையையும் ஒரு காலையும் நசுக்கிவிடுகிறது; நினைவிழந்த பிறகும் அந்தச் சிறுவன் எழுந்து நிற்கிறான். என் அக்கா மகன் இந்தப் பக்கங்களைக் காட்டித்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவந்தான். வாங்கிய சக்திக்கு விலை கொடுக்கப்படும் வரை அது எவ்வளவு பெரிதானாலும் கதையைக் கெடுப்பதில்லை. கிஷிமோட்டோவின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அது நேஜி என்ற பையனிடமிருந்து தொடங்குகிறது.

ஹியூகா குலத்தில் தலைமைக் குடும்பம், கிளைக் குடும்பம் என்று இரண்டு உண்டு. கிளைக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையின் நெற்றியில், கூண்டுப்பறவை என்று பெயர் கொண்ட ஒரு முத்திரை பதிக்கப்படுகிறது. தலைமைக் குடும்பத்தினர் நினைத்தால் அதைக் கொண்டு அவன் மூளையை அழிக்கலாம். அவன் இறந்தால் மட்டுமே அது மறையும், மறையும்போது குலத்தின் கண்வித்தை எதிரிக்குக் கிடைக்காதபடி பூட்டிவிட்டு மறையும். தலைமைக் குடும்பத்தைக் காப்பது கிளையின் கடமை. இரட்டையரில் இளையவராகப் பிறந்த ஒரே காரணத்தால் கிளைக்குத் தள்ளப்பட்ட நேஜியின் தந்தை, அண்ணனுக்குப் பதிலாகத் தன் உடலை எதிரி நாட்டுக்குக் கொடுத்து இறக்கிறார். பிறப்பே விதி என்று அந்தப் பையன் நம்புவதற்கு வேறென்ன வேண்டும்? நிஞ்ஜாக்களின் அடுத்த படிநிலைக்கான சூனின் தேர்வின் இறுதிச் சுற்றில் நருட்டோ அவனைத் தோற்கடிக்கிறான். அதைவிட முக்கியமாக, தான் ஹொகாகே, அதாவது ஊர்த்தலைவன், ஆனதும் ஹியூகா குலத்தை மாற்றிக் காட்டுவதாக அவனிடம் வாக்குக் கொடுக்கிறான். பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்றவன், குலத்தின் மேதையைப் பார்த்து, நீ என்னைப் போலத் தோற்றவன் இல்லையே என்று சொல்லும் இடம் அது. இந்த ஒரு சண்டையில் முழுக் கதைக்கும் தேவையான அச்சாணி இருந்தது.

அந்த வாக்கு என்ன ஆனது? ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கழித்து, பெரும்போரின் நடுவே, நருட்டோவைக் காக்கத் தலைமைக் குடும்பத்து மகள் ஹினாட்டா குறுக்கே பாய்கிறாள்; அவர்கள் இருவரையும் காக்க நேஜி பாய்ந்து, உடல் துளைபட்டு இறக்கிறான். தந்தையின் மனநிலை தனக்கு இப்போது புரிவதாக அவன் உணர்கிறான். தன் விருப்பத்தால் தேர்ந்த சாவு என்பதால் கதை அதை விடுதலை என்று காட்டுகிறது. ஆனால் கிளைக் குடும்பத்தில் பிறந்த ஒருவன் தலைமைக் குடும்பத்து மகளைக் காத்துச் சாவதுதானே அந்த முத்திரை அவனிடம் கேட்டது? மாற்றப்பட வேண்டிய வழக்கம் தன் கணக்கைச் சரியாகத் தீர்த்துக்கொண்டது. அதைத்தான் நாம் கண்ணீரோடு கொண்டாடும்படி கேட்கப்படுகிறோம். பிறகு நருட்டோ ஹொகாகே ஆகிறான். ஹியூகா தலைவரின் மருமகனும் ஆகிறான். அந்த வாக்கை நிறைவேற்ற அவனைவிட வசதியான இடத்தில் இருந்த மனிதர் அந்த ஊரிலேயே இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஹினாட்டாவும் மகளும் நேஜியின் கல்லறைக்கு வந்து நிற்கிறார்கள், பூ வைக்கிறார்கள். அந்த முத்திரை இன்னும் குழந்தைகளின் நெற்றியில் பதிக்கப்படுகிறதா என்பதற்கு 700 அத்தியாயங்களில் ஒரு கட்டத்தில்கூடப் பதில் இல்லை.

இதை ஒரு விடுபடல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் மன்னித்துவிடலாம். ஆனால் அதற்குள் கதை எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டிருந்தது. தோற்றவன் என்று ஊர் ஒதுக்கிய பையன் நான்காம் ஹொகாகேயின் மகன் என்று தெரியவருகிறது. இதைக்கூட ஏற்கலாம், ஏனெனில் ஊரைத் தாக்கிய ஒன்பது வால் நரியை அவனுக்குள் அடைத்தவர் அந்த நான்காம் ஹொகாகேதான் என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான். அவனும் அவன் நண்பனும் போட்டியாளனுமான சசுகேயும் ஆதி முனிவரின் இரு மகன்களுடைய மறுபிறவிகள் என்று 670ஆம் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் அறிவிக்கப்படும்போதுதான் எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றியது. நேஜி சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டதே! பிறப்புக்கு முன்பே, பல தலைமுறைகளுக்கு முன்பே எல்லாம் எழுதப்பட்டிருந்தது. அவன் தவறாகக் கணித்தது ஒன்றைத்தான், எழுதப்பட்டிருந்தது யார் பெயர் என்பதை.

விலையைத் திருப்பித் தரும் வழக்கமும் இதோடு சேர்ந்தே வளர்கிறது. பெயின் என்ற பெயரில் நாகாட்டோ, நருட்டோவின் ஊரான கொனோஹாவைத் தரைமட்டமாக்கும் பகுதி இந்தத் தொடரின் பிற்பாதியில் உச்சம் என்றே சொல்வேன். ஆசிரியர் ஜிராயாவை இழந்த நருட்டோ, அவரைக் கொன்றவனும் அவருடைய பழைய மாணவனே என்று அறிந்து, அவனைக் கொல்லாமல் அவன் எதிரில் நின்று பேசுகிறான். வெறுப்புக்கு வெறுப்பு என்ற சுழலுக்கு உன் பதில் என்ன என்று நாகாட்டோ கேட்பது ஒரு உண்மையான கேள்வி. நருட்டோவிடம் பதில் இல்லை என்பதும் உண்மை. அவன் ஆசிரியர் எழுதிய நாவலும் விடாப்பிடியான நம்பிக்கையும்தான் அவனிடம் இருக்கின்றன. அதுவரை எனக்குக் குறையே இல்லை. ஆனால் நாகாட்டோ மனம் மாறியதும், அந்தத் தாக்குதலில் இறந்த ஊர்மக்களும் நருட்டோவின் இன்னொரு ஆசிரியர் ககாஷியும் ஒரே வித்தையில் உயிரோடு எழுந்துவிடுகிறார்கள். (ஜிராயா எழவில்லை; அந்த அளவுக்காவது கிஷிமோட்டோவுக்கு மனம் இருந்தது.) தன் ஊரின் பிணங்களுக்கு நடுவில் நின்று கொலைகாரனை மன்னிப்பதும், எல்லாரும் திரும்பி வந்துவிட்ட ஊரில் நின்று மன்னிப்பதும் ஒன்றல்ல.

சசுகேயின் அண்ணன் இட்டாச்சியின் கதைக்கும் இதே கதிதான். தன் சொந்த உச்சிஹா குலத்தை ஒரே இரவில் அழித்தவன் வெறியனல்ல, ஊர்த்தலைமையின் கட்டளையை ஏற்றவன் என்று தெரியவரும்போது, அதுவரை வீடாக இருந்த கொனோஹா ஒரு அரசாக நம் முன் நிற்கிறது. சந்தேகத்துக்கு உள்ளான ஒரு குலத்தை ஊரின் ஓரத்துக்குத் தள்ளி, அது கிளர்ச்சிக்குத் திட்டமிட்டபோது குழந்தைகள் உட்பட எல்லாரையும் கொல்ல அதே குலத்துப் பையனை அனுப்பிய அரசு. சிறுவர் இதழில் இப்படி ஒரு கேள்வியை வைத்த துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஊர்த்தலைமையில் டான்சோ என்ற ஒரே மனிதரின் மேல் பழி குவிகிறது, அவரும் சசுகேயின் கையால் இறக்கிறார். கட்டளையில் பங்கிருந்த மற்ற இரு மூத்தோரை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த அமைப்பையே கலைக்க வேண்டும் என்று சசுகே கடைசியில் சொல்வது கோணலான வழிதான் என்றாலும், அதற்குக் கிடைக்கும் மறுமொழி இரு நண்பர்களின் சண்டையும் ஆளுக்கொரு கையின் இழப்பும் மட்டுமே. நட்பு என்பது அரசியல் கேள்விக்கு விடையாகாது என்று பதினைந்து வயது வாசகருக்குக்கூடத் தெரியும்.

போரைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கதைக்குள் சில நாட்களில் முடியும் அது தொடரின் ஏறத்தாழ கால்வாசியைத் தின்கிறது. இறந்தவர்களை எழுப்பிப் போராட வைக்கும் வித்தையால் வெட்டினாலும் சாகாத எதிரிகள் களத்தை நிறைக்கிறார்கள். அதில் அசுமாவும் இட்டாச்சியும் வரும் சில பக்கங்களைத் தவிர மற்றவை என் நினைவில் இல்லை. நூற்றுக்கணக்கான அத்தியாயங்களாகக் கட்டியெழுப்பிய பெரும் எதிரி மதாரா, முதுகில் குத்துப்பட்டு ககுயாவுக்கு இடம்விட்டு விலகுகிறான். தொடர் முடிய இருபத்துச் சொச்சம் அத்தியாயங்களே இருக்கும்போது வந்து நிற்கும் அந்தத் தெய்வப்பெண்ணோடு நருட்டோவுக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. சசோரி என்ற எதிரியை எதிர்த்து நின்றபோது முழுப் பாத்திரமாகத் தெரிந்த, நருட்டோவின் குழுத்தோழி சகுரா, அதற்குப் பிறகு பெரும்பாலும் காயங்களுக்கு மருந்து போடவும் சசுகேயை நினைத்து வாடவும் மட்டுமே வைக்கப்பட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் இதழை இந்தத் தராசில் நிறுப்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இதழின் நடைமுறையை நான் அறியாதவன் அல்லன். வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம்போல வரைந்தாக வேண்டும். வாசகர்கள் தரும் வாக்கு குறைந்தால் தொடர் நிறுத்தப்படும். வெற்றி பெற்றாலோ முடிக்க விடமாட்டார்கள். அடுத்த வாரத்துக்கு ஒரு திடுக்கிடலை வைத்துவிட்டு, அதை எப்படி அவிழ்ப்பது என்று பிறகு யோசிக்கும் நோய் நம் வார இதழ்த் தொடர்களிலும் தாராளமாக இருந்ததுதான். போர்ப்பகுதி நீண்டதற்கும் ககுயா வந்ததற்கும் இதைக் காரணமாக ஏற்கிறேன். நேஜியின் முத்திரைக்கு ஏற்கமாட்டேன். அதைச் சொல்ல ஒரு பக்கம் போதும், அந்தப் பக்கத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்தது. ஷோனென், அதாவது சிறுவர்களுக்கான வகை, என்பதால்தான் முடியாது என்றால், அதே வகையில் ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை ஒரு மாத இதழில் எழுதிய ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ இருக்கிறது. எதையும் பெற ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே விதித்துக்கொண்ட அந்தக் கதையில், தம்பியின் உடலை மீட்க எட்வர்ட் தன் ரசவாதத்தையே கொடுத்துவிடுகிறான். கதை அதை அவனுக்குத் திருப்பித் தருவதில்லை. அதுவும் சிறுவர்களுக்கான இதழ்தான். தவிரவும், இந்தத் தராசை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. சிறுவன் ஹாக்குவின் சாவுக்குப் பிறகு, அவனை ஓர் ஆயுதமாகவே நடத்திய கூலிக்கொலையாளி ஸபூசாவை அழவைத்த முதல் நான்கு தொகுதிகளில் கிஷிமோட்டோவே அதை என் கையில் கொடுத்தார்.

உங்கள் மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். முதல் பாகம் 27ஆம் தொகுதியோடு முடிகிறது; அதுவரை வாங்கிவையுங்கள், மீதியை அவள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன், சசுகே ஊரைவிட்டுப் போன இடத்தில் யாராலும் நிறுத்த முடியாது. முழுவதும் படித்து முடித்த பிறகு, ஹியூகா வீட்டில் அடுத்துப் பிறக்கும் கிளைக் குழந்தைக்கு என்ன நடக்கும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.