பிரசவ வலியை வரவழைக்கும்போது விஆர் ஹெட்செட் உதவுமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். 41ஆவது வாரம் தொடங்கியும் வலி வராததால், கர்ப்பப்பை வாயை விரிக்கப் பலூன் வைத்து, பிறகு டிரிப்ஸ் ஏற்றி வலியை வரவழைக்கலாம் என்கிறார் மருத்துவர். உள்பரிசோதனை என்றாலே எனக்குப் பயம். கணவரின் விஆர் ஹெட்செட்டை (கண்களை மறைத்து மாட்டினால் வேறோர் உலகில் இருப்பதுபோல் காட்சி காட்டும் கருவி) அப்போது மாட்டிக்கொள்ளலாமா? வலி குறையுமா?

பதில்: மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றால் மாட்டிக்கொள்ளலாம். வலி ஓரளவு குறையலாம், முற்றிலும் மறையாது.

வலியை உணர்வதில் கவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணையும் காதையும் வேறோர் உலகம் நிறைத்துவிட்டால், வலியின் பக்கம் செல்லும் கவனம் குறைகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள், தீக்காயக் கட்டு மாற்றும் வேளையில் நோயாளிகளுக்கு விஆர் காட்சிகளைக் காட்டி, 1990களிலேயே இதைச் சோதிக்கத் தொடங்கினர். பிரசவத்தைப் பொறுத்தவரை, லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனை முதல் பிரசவத்துக்கு வந்த 40 பெண்களிடம் நடத்திய ஆய்வில், 30 நிமிடம் ஹெட்செட் அணிந்தவர்களின் வலி மதிப்பெண் (பத்துக்கு) சுமார் அரைப் புள்ளி குறைந்தது. அணியாதவர்களுக்கு ஏறத்தாழ அதே அளவு கூடியது. இது சிறிய ஆய்வு, பலனும் மிதமானது. ஆகவே 'வலியில்லாப் பிரசவம்' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

உங்களுக்கு இது கூடுதலாக உதவக்கூடிய கட்டம், பலூன் வைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் என்பது என் கருத்து. கால்களை மடக்கிப் படுத்ததும், கர்ப்பப்பை வாயைப் பார்ப்பதற்கான கருவியைப் பொருத்தி, மெல்லிய ரப்பர் குழாயை அதன் வழியே செலுத்தி, நுனியிலுள்ள பலூனில் பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி வரை உப்புநீர் நிரப்புவார்கள். அப்போது அடிவயிற்றில் மாதவிடாய் வலி போன்ற இழுப்பும் அழுத்தமும் தெரியும். பயத்தில் இடுப்புத்தசைகளை இறுக்கிக்கொள்பவர்களுக்கு இந்த வேதனை கூடுகிறது. மனம் வேறிடத்தில் இருந்தால் உடல் தளர்ந்து கொடுக்கும்.

ஆனால், என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாததே சிலருக்குப் பயத்தைக் கூட்டும். நீங்கள் எந்த வகை என்பதை வீட்டிலேயே அணிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலியைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு முறை தொடும் முன்பும் சொல்லிவிடும்படி மருத்துவரைக் கேளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை, காடு போன்ற அசைவு குறைந்த காட்சிகளை முன்பே பதிவிறக்கி, படுத்த நிலையில் அவை நேராகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வேகமாக நகரும் விளையாட்டுகள் குமட்டலைத் தூண்டும். முகத்தில் படும் பகுதியைத் துடைத்துச் சுத்தமாக எடுத்துச் செல்லுங்கள்.

பலூன் பல மணி நேரம் உள்ளே இருக்கும். அவ்வளவு நேரமும் ஹெட்செட் தேவையில்லை, அணிந்தபடி நடக்கவும் கூடாது. டிரிப்ஸ் தொடங்கி வலி வலுக்கும்போது, இருபது முப்பது நிமிடங்கள் அணிந்து இடைவெளி விடலாம். அதற்கு மேல் தாங்க முடியாவிட்டால் எபிடியூரல் (முதுகில் குழாய் வழியே மருந்து செலுத்தி வலியைக் குறைக்கும் முறை) கேட்கத் தயங்காதீர்கள். ஹெட்செட் அதற்கு மாற்றாகாது.

வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். கடும் தலைவலி, பார்வை மங்கல், கண்முன் மின்னல் ஆகியவை கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தின் எச்சரிக்கைகளாக இருக்கலாம் என்பதால், ஹெட்செட்டால்தான் வந்தது என்று எண்ணி ஒதுக்கிவிடாமல் உடனே கழற்றிச் செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் எதுவானாலும் அப்படியே. நீங்கள் அணிந்திருக்கும் நேரம் முழுவதும் கணவரோ அம்மாவோ அருகில் இருக்கட்டும்.