செல் ஒளிர்கிறது, சரி; துகள் உள்ளே போனதா?

கேள்வி: பச்சைச் சாயம் (எஃப்ஐடிசி) ஏற்றிய நானோதுகள்களைச் செல்களோடு 4 மணி நேரம் வைத்தேன். நுண்ணோக்கியில் செல்கள் பளிச்சென்று ஒளிர்கின்றன. துகள்கள் உள்ளே போய்விட்டன என்று எழுதலாமா? – ஆய்வு மாணவி

இப்போதைக்கு எழுதாதீர்கள். நீங்கள் பார்த்தது சாயத்தைத்தான். அது துகளை விட்டுக் கழன்று தனியாகவும் செல்லுக்குள் போயிருக்கலாம். துகள்களை மட்டும் அதே மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவத்தில்), அதே 37 டிகிரியில், அதே 4 மணி நேரம் வையுங்கள். பிறகு சுழற்றிப் படியவிட்டு, மேலே நிற்கும் திரவத்தை மட்டும் புதிய செல்களில் ஊற்றிப் பாருங்கள் (மிகச் சிறிய துகள் என்றால் சாதாரண சென்ட்ரிஃபியூஜில் படியாது, வடிகட்டி வேண்டும்). அதுவும் ஒளிர்ந்தால் இதுவரை எடுத்த படங்களை நம்ப முடியாது.

துகள் விற்கும் ஏஜென்டுகள் இதைச் சொல்லவே மாட்டார்கள். அவர்கள் தரும் தாளில் உள்ள அளவு பெரும்பாலும் தண்ணீரில் எடுத்தது; சீரம் கலந்த மீடியத்தில் புரதம் ஒட்டி, சில துகள்கள் கட்டிகட்டியாகி, செல்களின் மேல் படிந்துவிடும். அளவை உங்கள் மீடியத்திலேயே எடுங்கள். 'நாங்களே படம் எடுத்துத் தருகிறோம்' என்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், நன்றாக ஒளிரும் மூலையைத்தான் படம்பிடிப்பார்கள். அழகான ஒரே ஒரு கன்ஃபோகல் (செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண்ணோக்கி) படத்தைப் பார்த்துக் கட்டுரையை ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டாளர்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. கன்ஃபோகலாலும் மேல்-கீழாக அரை மைக்ரானுக்குக் குறைந்த இடைவெளியைப் பொதுவாகப் பிரித்துக் காட்ட முடியாது; சவ்வில் ஒட்டிய 100 நானோமீட்டர் துகள் உள்ளே இருப்பது போலவே தெரியும்.

அதற்குத்தான் 4 டிகிரி சோதனை. குளிரில் செல் விழுங்குவது ஏறக்குறைய நின்றுவிடும், அப்போதும் தெரிவது பெரும்பாலும் வெளியே ஒட்டியது. செல்களை முன்கூட்டியே குளிர வைத்த பிறகே துகள்களைச் சேருங்கள். அப்புறம் டிரிபான் புளூ (உயிருள்ள செல்லுக்குள் நுழையாத நீலச் சாயம்) விட்டால் வெளியே ஒட்டிய பச்சை ஒளி மங்கும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விழுங்கப்பட்ட துகள்களில் பெரும்பாலானவை லைசோசோமில் (செல்லின் செரிமானப் பையில்) போய்ச் சேரும். அங்கே பிஹெச் 4.5 முதல் 5 வரை. அந்த அமிலத்தில் உங்கள் சாயமும் மங்கும்! வெளியே இருப்பதை டிரிபான் புளூ அணைக்க, உள்ளே இருப்பதை அமிலம் மங்கவைக்க, ஒன்றுமே போகவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அளக்கும் முன் மொனென்சின் சேர்த்து உள்ளே இருக்கும் அமிலத்தன்மையைக் குறைத்தால் ஒளி திரும்ப வரும். அடுத்த தொகுதிக்கு அமிலத்தில் மங்காத சாயத்தையே கேட்டு வாங்குங்கள், ஆனால் அதை டிரிபான் புளூ அணைக்கிறதா என்று முதலில் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கழன்ற சாயச் சோதனையை முதலில் முடியுங்கள். அதில் தேறினால் மட்டும் கன்ஃபோகலுக்கு நேரம் கேளுங்கள்.