ஏற்பி தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் ஏற்பி, அதாவது நோயை உணரும் புரதம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அது நோயைக் கண்டுகொண்ட சேதி உள்ளே எப்படிப் போகிறது?

பதில்: செல்லுக்குள் இருக்கும் அந்த ஏற்பியின் வால் மிகவும் குட்டை. அதை வைத்து எந்தச் சேதியும் அனுப்ப முடியாது. அந்த வேலையைச் செய்வது கூடவே ஒட்டியிருக்கும் சிடி3 புரதங்கள். அவற்றின் வால்களில் பாஸ்பேட் ஏறுவதற்கென்றே மொத்தம் 10 பகுதிகள் உண்டு. எல்சிகே என்ற நொதி பாஸ்பேட்டை ஏற்றும், சிடி45 என்ற நொதி கழற்றிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும் செல்லில் கழற்றுபவர் கைதான் ஓங்கியிருக்கும்.

ஏற்பி இன்னொரு செல்லைப் பற்றிக்கொண்டதும் இடைவெளி ஏறத்தாழ 15 நானோமீட்டராகக் குறுகுகிறது. சிடி45 உயரமான புரதம். அந்தச் சந்தில் நிற்க முடியாமல் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. அப்புறம் என்ன, ஏறிய பாஸ்பேட் அப்படியே தங்கும். அதில் ஜாப்-70 என்ற நொதி வந்து ஒட்டி அடுத்தடுத்த புரதங்களைத் தூண்டிவிட, செல்லுக்குள் கால்சியம் பெருகி, உறங்கிக் கிடந்த ஜீன்கள் விழிக்கின்றன. பிறவியிலேயே ஜாப்-70 இல்லாத குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கும். ரத்தத்தில் டி செல்கள் இருந்தும் சேதி உள்ளே போகாததால் தொற்று மேல் தொற்றாக வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: நம் சொந்தப் புரதத் துணுக்குகளையும் ஏற்பி தொடுகிறதே, குழம்பாதா?

பதில்: தொடத்தான் செய்கிறது. எம்எச்சி என்ற தாங்கியில் வைத்துக் காட்டப்படும் துணுக்கைத்தான் டி செல் பார்க்கும். 1974இல் இதைக் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் கிடைத்தது. வித்தியாசம் பெரும்பாலும் ஒட்டியிருக்கும் நேரத்தில்தான். சொந்தத் துணுக்கு சட்டென்று நழுவிவிடும், அந்நியத் துணுக்கு சில நொடிகள் நிற்கும். பாதியில் நழுவினால் ஏறிய பாஸ்பேட் எல்லாம் கழன்று, மறுபடி முதலிலிருந்துதான். நின்றுவிட்டாலோ, ஒரு செல்லின் மேல் 10க்கும் குறைவான அந்நியத் துணுக்குகளே போதும்.

கேள்வி: எல்லா நோயெதிர்ப்புச் செல்களுக்கும் இதே வழியா?

பதில்: இல்லை. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் டிஎல்ஆர்4 ஏற்பிக்கு எம்எச்சி வேண்டியதில்லை. பாக்டீரியாவின் வெளியுறைக் கொழுப்பே போதும்.

கேள்வி: அப்படியானால் புற்றுநோய் ஏன் தப்பிக்கிறது?

பதில்: காரணங்கள் பல. ஒன்று, டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக். புற்றுச் செல் அதை அழுத்தினால், பிடி-1இன் வால் ஒரு நொதியை இழுத்துவந்து பாஸ்பேட்டைக் கழற்ற வைக்கிறது. அந்தப் பிரேக்கை மறிக்கும் மருந்துகள் இப்போது உண்டு. டி செல்லை மாற்றியமைக்கும் கார்-டி சிகிச்சையில் ஏற்பியையே புதிதாகச் செய்கிறார்கள்: வெளியே ஆன்டிபாடியின் ஒரு துண்டு, உள்ளே நாம் பார்த்த அதே சிடி3 வால்.