மூன்று வாரம் சொன்ன பையன்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்கள் 12 பேர் ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுகிறோம் (நிஜக் கால்பந்து வீரர்களை வாங்கி அணி அமைத்தால், மைதானத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி கிடைக்கும் இணைய விளையாட்டு). பட்டியலில் ஓர் இடம் போட்டிருக்க, மைதானத்தில் வேறு இடத்தில் ஆடும் வீரர்களை வைத்தே ஒரு நண்பர் என்னை முந்திவிடுகிறார். அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம்? போன சீசனில் ஒரு நடுக்கள வீரர் முன்னால் போய் ஆடுகிறார் என்று என் 13 வயது மகன் மூன்று வாரம் சொன்னான். சின்னப் பையன் பேச்சு என்று விட்டுவிட்டேன். அவர் கோலாக அடித்துத் தள்ளினார். (இப்போது மகன் மேட்ச் பார்க்கக் கீழே வருவதுகூட இல்லை. வயது அப்படி.) புள்ளிவிவரத் தளத்துக்குக் காசு கட்டியும் பயனில்லை.

பதில்: "வயது அப்படி" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் அதுதான். ஆனால் கேட்டதைச் சொல்லாமல் அதற்குப் போனால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் முதலில் ஆட்டம்.

சீசன் தொடக்கத்தில் ஒரு வீரருக்கு எந்த இடம் எழுதுகிறார்களோ, அதுதான் கடைசி வரை. பயிற்சியாளர் அவரை எங்கே நிறுத்தினாலும் ஏடு மாறாது. கோல் அடித்தால் தடுப்பாட்டக்காரருக்கு 6 புள்ளி, நடுக்கள வீரருக்கு 5, முன்கள வீரருக்கு 4. அணி கோல் வாங்காமல் இருந்தால், 60 நிமிடம் ஆடிய தடுப்பாட்டக்காரருக்கு 4, நடுக்கள வீரருக்கு 1, முன்கள வீரருக்கு ஒன்றுமில்லை. ஆகவே ஏட்டில் பின்னால் இருந்து களத்தில் முன்னால் நிற்பவர் லாபம்.

2019-20இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ரம், விளையாட்டுக் கணக்கில் 4 மில்லியன் பவுண்டுக்குத் தடுப்பாட்டக்காரராகக் கிடைத்தார். ஆடியது நடுக்களத்தில், அடித்தது 5 கோல். 2023-24இல் நடுக்கள வீரர் என்று எழுதப்பட்ட அர்செனலின் காய் ஹாவெர்ட்ஸ், சீசனின் பிற்பாதியில் முன்களத்தில் ஆடினார். சீசனில் மொத்தம் 13 கோல். இருவருக்கும் அடுத்த சீசனிலேயே ஏட்டைத் திருத்திவிட்டார்கள், பழைய நினைப்பில் வாங்கக் கூடாது. நேர்மாறும் உண்டு. 2021-22இல் முன்கள வீரராக எழுதப்பட்ட நியூகாசிலின் ஜோயலிண்டனைப் பயிற்சியாளர் எடி ஹவ் நடுக்களத்துக்கு இறக்கினார். அணிக்கு அவர் பெரிய பலம் ஆனார். உங்களைப் போல் புள்ளி எண்ணுகிறவர்களுக்கு அல்ல.

எத்தனை பேர் என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். தவறாமல் ஆடுவாரா என்பதே முதல் கேள்வி. யாருக்கோ காயம் என்பதால் இரண்டு வாரம் முன்னால் அனுப்பப்பட்டவர், காயம்பட்டவர் திரும்பியதும் பெஞ்சுக்குப் போய்விடுவார். அவருக்காக 4 புள்ளி கொடுத்துக் கூடுதல் மாற்றம் செய்வது வீண். ஒரே வீரரை இரண்டு இடத்திலும் நிறுத்த அனுமதிக்கும் வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஓரிடத்துக்கு மட்டுமே ஆகிறவர்களை முதலில் நிரப்பிவிட்டு, இரண்டுக்கும் ஆகிறவரைக் கடைசியில் வையுங்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? மேட்ச் பார்த்துத்தான். நீங்கள் காசு கட்டும் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே அது களத்தில் தெரிந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து பந்து வரும்போது கோல் வாசலில் யார் நிற்கிறார், பந்து பறிபோனதும் யார் பின்னால் ஓடாமல் அங்கேயே இருக்கிறார் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் மகன் பார்த்தான்.

மூன்று வாரம், தம்பி! ஒரு தடவை சொல்லிவிட்டு ஓடிவிடவில்லை. 13 வயதுப் பையன் ஒரே செய்தியை மூன்று வாரம் அப்பாவிடம் கொண்டுவருகிறான் என்றால், அவனுக்கு வேண்டியது உங்கள் புள்ளி அல்ல. "அப்படியா, எங்கே காட்டு" என்று நீங்கள் பக்கத்தில் நகர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதையே அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்பீர்கள். முகம் தெரியாதவர்களிடம் காசு கொடுத்துக் கேட்கிறீர்கள். வீட்டுக்குள் இலவசமாக வந்ததைச் சின்னப் பையன் பேச்சு என்று தள்ளினீர்கள்.

அந்த வீரர் கோல் அடித்த பிறகாவது "நீ சொன்னது சரி" என்று அவனிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

ஃபீஸ் கட்டுவதும் சோறு போடுவதும் அப்பாவின் கடமையில் பாதிதான். பெற்ற பிள்ளை முன்னால் "நான்தான் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்வதும் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்யாத அப்பாக்கள் மகனுக்கு 17, 18 வயது ஆனதும் எனக்கு எழுதுகிறார்கள்: "வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, என்ன செய்வது?" உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

வாரத்தின் முதல் மேட்சுக்கு 90 நிமிடம் முன்பு பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்கு முந்தின நாள் மாடி ஏறுங்கள். அவனைக் கீழே கூப்பிடாதீர்கள், நீங்கள் போங்கள். அந்த வீரரின் பெயரைச் சொல்லி, அன்று கேட்காதது உங்கள் தவறு என்று சொல்லுங்கள். அதன் பிறகு இந்த வாரம் யாரைப் போடலாம் என்று கேளுங்கள். அவன் சொல்லும் பெயரை மாற்றாமல் போடுங்கள். "ம்" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டால், அடுத்த வாரமும் போங்கள். அதற்கடுத்த வாரமும் போங்கள். அவன் அத்தனை வாரம் வந்திருக்கிறான்.