ஜென்னி போன பிறகு

கேள்வி: எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி'யை ஒரே ராத்திரியில் படித்து அழுது தீர்த்தேன். அதன் தொடர்ச்சியான 'ஆலிவர்ஸ் ஸ்டோரி'யைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். அவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் 'பாதியில்' என்ற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. மூடிய புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதத்தான் உரிமை கிடையாது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

உங்களுக்கு எங்கே அலுத்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முதல் நாவலின் உயிரே நாயகி ஜென்னியின் வாய்தான். நூலகத்தில் புத்தகம் கேட்டு வருகிற ஹார்வர்டு பையன் ஆலிவரை, கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் வெளுத்து வாங்குவாளே, அந்த இடம்! ரொட்டிக் கடைக்காரர் மகள், கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையை ஒரு நிமிஷம்கூடப் பெரிய மனுஷனாக விடமாட்டாள். 25 வயதில் அவள் இறந்துவிட்டாள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் நம்மை அழவைத்தார் சீகல். 7 வருஷம் கழித்து, 1977இல் வந்த இரண்டாம் நாவலில் அந்த வாய் இல்லை. ஆலிவர் மட்டும் உட்கார்ந்து புழுங்குகிறான், மனநல மருத்துவரிடம் போகிறான். வீட்டில் கலகலவென்று பேசுகிறவர் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்த நாவல். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் சூடான பகுதி பின்னால் வருகிறது. புதிதாக அவன் வாழ்வில் வரும் மார்ஸி, பெரிய கடைகளின் வாரிசு. அவளோடு ஹாங்காங் போன இடத்தில், அவள் தொழிலுக்குச் சரக்கு செய்துதரும் பட்டறையில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்க்கிறான். அதோடு அந்த உறவு முறிகிறது. அப்பாவின் பணம் வேண்டாம் என்று முதல் நாவலில் உதறிவிட்டு வந்தவன் அல்லவா? அடுத்தவர் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்பது நியாயம்தான். சீகல் அந்தக் கேள்வியை இன்னும் நூறு பக்கம் துரத்தியிருக்க வேண்டும். துரத்தாமல் விட்டதுதான் எனக்கு அவர்மேல் உள்ள வருத்தம்.

காதல் கதை என்றாலே மூக்கைச் சுளிக்கிற விமர்சகர்களோடு எனக்குப் பழைய சண்டை. அமெரிக்காவிலும் அந்தக் கூட்டம் இருந்தது. தேசியப் புத்தக விருதுப் பட்டியலில் 'லவ் ஸ்டோரி' இடம்பெற்றபோது, அதை நீக்காவிட்டால் விலகுவோம் என்று நடுவர்கள் மிரட்டினார்கள். நீக்கியும் விட்டார்கள். இத்தனைக்கும் சீகல், யேல் பல்கலைக்கழகத்தில் லத்தீன், கிரேக்க இலக்கியம் கற்பித்தவர். பிளாட்டஸின் ரோமானிய நகைச்சுவை நாடகங்களைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். ஜென்னியின் குத்தல் பேச்சு அந்தப் படிப்பிலிருந்து வந்தது என்பது என் திடமான நம்பிக்கை.

'பாதியில்' என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சீகல் மாரத்தான் ஓடியவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வர்ணனை செய்தார். மாரத்தானின் முடிவில், ஓட்டக்காரரைப் போல உடுத்திய ஒரு மாணவன் முதல் ஆளாக அரங்கத்துக்குள் ஓடி வந்தான். கூட்டம் கைதட்டியது. 'இவன் போலி' என்று வர்ணனையிலேயே கத்திவிட்டார் சீகல்! நிஜமாக முதலில் ஓடிவந்த ஃபிராங்க் ஷார்ட்டர், அவருக்குத் தெரிந்த யேல் மாணவர். முழுத் தூரமும் ஓடியவனுக்குக் கிடைக்க வேண்டிய கைதட்டலை இன்னொருவன் வாங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கத்தலுக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

சரி, வாய்ப்புக்கு வருகிறேன். 1980இல் அவர் எழுதிய 'மேன், வுமன் அண்ட் சைல்ட்' நாவலை முதலில் எடுங்கள். தனக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த பிள்ளையை, அதன் தாய் இறந்தபின், மனைவியும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு அழைத்துவரும் ஒருவனின் கதை. பாலு மகேந்திரா இதைத் தழுவித்தான் 1982இல் மலையாளத்தில் 'ஓளங்ஙள்' எடுத்தார். அதில் இளையராஜா இசையில் ஜானகி பாடிய 'தும்பீ வா' உங்களுக்குத் தெரியாத மெட்டு அல்ல. தமிழில் நாம் 'சங்கத்தில் பாடாத கவிதை' என்று பாடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

அதை முடித்துவிட்டு ஆலிவரிடம் திரும்புங்கள். ஹாங்காங் வரைக்குமாவது அவனோடு போய்விட்டு எனக்கு எழுதுங்கள்.