‘தாமதம்’ என்று வந்தால் பதற வேண்டாம்

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கச் சென்று, பின்னணிச் சோதனையில் சிக்கி நிற்கும் வாசகர்களின் கேள்விகள் சில.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். என்மேல் ஒரு வழக்கும் கிடையாது. டெக்சாஸ் கடையில் ‘தாமதம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே?

அது நிராகரிப்பு அன்று. எஃப்பிஐ 1998 முதல் நடத்திவரும் ‘நிக்ஸ்’ என்ற சோதனை முறை பெயர், பிறந்த தேதி போன்றவற்றை வைத்துத் தேடுகிறது. உங்கள் பெயரை ஒத்த இன்னொருவர்மேல் குற்றப் பதிவு இருந்தாலே போதும், ஊழியர் ஒருவர் அமர்ந்து பார்த்தாக வேண்டும். குடிமகன் அல்லாதவர்களுக்குக் குடிவரவுப் பதிவுகளிலும் தனியே தேடுவார்கள். கிரீன் கார்டு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் சிக்கல்தான்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். விசாவில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சிட்டுவிட்டார்கள். படிவத்தில் எதை எழுதுவது?

நம்மவர்களின் தீராத தலைவலி! 4473 என்ற அந்தப் படிவத்தில் சட்டப்படியான முழுப்பெயரைக் கேட்கிறார்கள். பெயரில் வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயரே இல்லையென்றால் ‘என்எம்என்’ என்றும் எழுதச் சொல்கிறது படிவமே. (தயாரித்தவருக்குத் தமிழ் நண்பர் யாராவது இருந்திருப்பாரோ!) ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முன்னும் கிரீன் கார்டில் பின்னுமாக இருந்தால், கடைக்குப் போகும் முன் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. ஆனாலும் எழுதுங்கள், பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க அதுவே பெரிய துணை.

மூன்று நாளில் பதில் வராவிட்டால் துப்பாக்கியைத் தந்தாக வேண்டுமாமே?

தரலாம், தந்தாக வேண்டும் என்றில்லை. வேலை நாள் கணக்கு இது. வியாழனன்று சோதனை தொடங்கினால் வெள்ளி, திங்கள், செவ்வாய் கழிந்து புதனன்றுதான் கடைக்காரர் கொடுக்க முடியும். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இந்த வழியில்தான் துப்பாக்கி வாங்கியிருந்தான். ஆகவே முடிவு வரும்வரை கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொல்வதே சரி என்பது என் கருத்து. 21 வயது நிரம்பாதவர் என்றால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பத்து வேலை நாள்வரை நீளலாம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் விதிகள் வேறு. அங்கே எல்லோருக்குமே பத்து நாள் காத்திருப்பு.

அதுவரை மனைவி பெயரில் வாங்கிவிடலாமா?

கூடாது. உங்களுக்காக அவர் வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். 10 ஆண்டுவரை சிறை.

ஒவ்வொரு முறையும் இதே கதை. நிரந்தரத் தீர்வு உண்டா?

உண்டு. ஒப்புதல் கிடைத்தவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் போன முறை தெளிந்த குழப்பம் இந்த முறை மறுபடியும் முளைக்கிறது. எஃப்பிஐயின் தன்விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பில் விரல் ரேகையோடு விண்ணப்பியுங்கள். ஏற்றுக்கொண்டால் தனி எண் ஒன்று தருவார்கள். அடுத்த முறை 4473இல் அதை எழுதினால் நீங்கள் வேறு, அந்தக் குற்றவாளி வேறு என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒப்புதல் வந்த நேரத்தில் மதுரையில் இருந்தேன். திரும்ப 40 நாளாகிவிட்டது.

சோதனை தொடங்கிய நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.